லோடு வண்டி துடிக்குதா தம்பி? பம்பைக் கழட்ட விடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாரு

தம்பி, சொந்தமா ஒரு குட்டியானை வாங்கி, மாசத் தவணையும் கட்டிக்கிட்டு, ராத்திரி பகல்னு பார்க்காம லோடு அடிக்கிற உனக்குத்தான் இதை எழுதுறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி ஏத்தி நிக்குற நேரத்துல இன்ஜின் மிஸ்ஸிங் அடிச்சா வயிறு எப்படிக் கலங்கும்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு வாசல்லயும் லோடு வண்டிதான் நிக்குது, அது ஓடினாத்தான் எங்க அடுப்பு எரியும். ஆனா அந்தப் பதற்றத்துல நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "என்னன்னு பாருங்கண்ணே"ன்னு சாவியைக் கொடுத்துட்டு வந்துடாதே. டீசல் இன்ஜின் துடிக்கிறதுக்குக் காரணம் பல நேரம் சில நூறு ரூபாய் ஃபில்டர்லயோ, தளர்ந்துபோன ஒரு ஹோஸ் கிளிப்லயோதான் இருக்கும். அதைப் பார்க்காம பம்பையும் நாசிலையும் கழட்டினா ஆயிரக்கணக்குல பணம் போகும், வண்டியும் நாள்கணக்குல நிக்கும். வாசல்ல வெச்சே நீ பார்க்க வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல உன் வண்டியோட இயல்பைத் தெரிஞ்சுக்கோ. குட்டியானைன்னு நாம சொல்ற, 2005-ல வந்த டாடா ஏஸோட டீசல் இன்ஜின் 702 சிசி, ரெண்டே சிலிண்டர். ரெண்டு சிலிண்டர் இன்ஜின் ஸ்லோவுல நிக்கும்போது கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும், அதை நோய்னு நினைச்சுடாதே. தோஸ்த்துக்கு மூணு சிலிண்டர், பொலேரோ பிக்கப்புக்கு நாலு. நாலுல ஒண்ணு சரியா எரியலைன்னா வண்டி முனகிக்கிட்டே ஊர் போய்ச் சேர்ந்துடும். ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா பாதி பலம் போச்சு, நின்ன இடத்துலயே திணறும். அதனால வண்டி நல்லா இருக்கும்போதே அதோட சத்தத்தைப் போன்ல ரெக்கார்ட் பண்ணி வை. காலையில முதல் ஸ்டார்ட் ஒண்ணு, நல்லா சூடான பிறகு ஒண்ணு. பின்னாடி சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கை வைக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம். வண்டியைச் சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை. மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதே, அந்தப் புகை ஆளையே கொல்லும். குட்டியானையில சீட்டைத் தூக்கினா இன்ஜின் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், ஓடுற பெல்ட்டும் அங்கேதான். துண்டு, லுங்கி நுனி, கையில கட்டின கயிறு எல்லாத்தையும் ஒதுக்கிக்கோ. உதவிக்கு உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டா அவ முந்தானையை இறுக்கிச் சொருகி, தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கட்டும், செயினைக் கழட்டி வெச்சுட்டு வரட்டும். ஒருத்தர் சாவியைத் திருப்ப, ஒருத்தர் பார்க்கன்னு ரெண்டு பேர் இருந்தா வேலை பாதியாயிடும்.

எப்போ துடிக்குது?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்சுட்டாலே முக்கால் கிணறு தாண்டின மாதிரி. நின்ன இடத்துல துடிக்குதா, இல்லை ஓடும்போது மட்டுமா? நிறுத்தி வெச்சு ரேஸ் பண்ணிப் பார்த்தா சீரா இருக்கு, ரோட்டுல ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் அதிருதுன்னா கோளாறு இன்ஜின்ல இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம். டயரைப் பாரு, புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸைப் பாரு. கிளட்சை மிதிச்சதும் சத்தம் மாறுதுன்னா கிளட்ச் பேரிங் பக்கம் போ. ஸ்லோவுல கேபின் முழுக்க நடுங்குது, ஆனா சைலன்சர் சத்தம் சீரா இருக்குன்னா இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருக்கலாம். டார்ச் அடிச்சுப் பார்த்தாலே ரப்பர் வெடிச்சு, இரும்பை விட்டுப் பிரிஞ்சு நிக்குறது தெரியும்.

சைலன்சர் சத்தத்தைத் தனியா கவனி. பின்னாடி போய் நின்னு கேளு. ஒரே தாளத்துல வந்தா எல்லா சிலிண்டரும் வேலை செய்யுது. ஒழுங்கான இடைவெளியில ஒரு அடி விட்டு விட்டு வந்தா ஒரு சிலிண்டர்ல கோளாறு. தாளமே இல்லாம கண்டபடி ஏறி இறங்கினா டீசல் வர்ற வழியில காத்து, இல்லை தண்ணி. அனுபவப்பட்ட மெக்கானிக் வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி பின்னாடி போய் நிக்குறது இதுக்காகத்தான்.

காலையில மட்டும் துடிச்சு, வெள்ளைப் புகை கக்கி, சூடானதும் சரியாயிடுதா? டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை இறுக்கி அழுத்தின சூட்டுலயே டீசல் பத்திக்கணும். குளிர்ந்த இன்ஜினுக்கு அந்தச் சூட்டை ஏத்திக் கொடுக்கிறது ஹீட்டர் பிளக். பழைய ஏஸ்ல சாவியைப் போட்டதும் டேஷ்போர்டுல சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையுற வரைக்கும் செல்ஃப் அடிக்காம பொறு. பொறுத்தும் துடிச்சா ஒரு பிளக் செத்திருக்கலாம். சாவியை எடுத்துட்டு, பிளக்கோட ஒயரைக் கழட்டி, மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்தா நல்ல பிளக் ஒரு ஓம் கிட்ட காட்டும். செத்த பிளக் ஒண்ணுமே காட்டாது. எலெக்ட்ரீஷியன் கடையில அஞ்சு நிமிஷ வேலை. பிளக்கெல்லாம் நல்லா இருந்தும் குளிர்ல துடிச்சா நாசில் ஒழுகுது, இல்லை கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன்.

கொஞ்ச தூரம் நல்லா ஓடி, பிறகு புல்லிங் செத்து, திணறி நிக்குதா? நிறுத்திட்டுக் கால் மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா மறுபடி நல்லா ஓடுதா? டேங்க் மூடியைத் திற. 'உஸ்'னு காத்து உள்ளே இழுத்தா, மூடியில காத்துப் போற துவாரம் அடைச்சிருக்கு. டீசல் குறையக் குறைய உள்ளே காத்து போகணும், போகலைன்னா பம்ப் இழுக்க முடியாம தவிக்கும். மூடியைக் கழுவி, ஊதி மாட்டினா தீர்ந்துச்சு. இதுக்குப் போய் பம்பைக் கழட்டினவங்க இருக்காங்க.

காத்தும் தண்ணியும்

என்னைக் கேட்டா இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கணும். டீசல் ஃபில்டர் மாத்தின மறுநாள்ல இருந்து துடிக்குதுன்னா யோசிக்கவே வேண்டாம், ஏர் பிடிச்சிருக்கு. ஃபில்டரோட ரப்பர் வளையம் சரியா உட்காரலை, இல்லை பழைய வளையம் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே புதுசையும் போட்டு முறுக்கிட்டாங்க. ஃபில்டரைக் கழட்டி, உட்கார்ற இடத்தைப் பனியன் வேஸ்ட் வெச்சுத் துடைச்சு, வளையத்துல கொஞ்சம் டீசல் தடவி மாட்டு. கைப்பம்ப் இருக்கிற வண்டியில அது கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்கு. இறுகவே இல்லைன்னா எங்கேயோ காத்து நுழையுது.

இதுல பலரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டீசல் ஒழுகலையே, அப்புறம் எங்கே ஓட்டைன்னு கேட்பாங்க. டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாய் உறிஞ்சுற பக்கம். அங்கே ஓட்டை இருந்தா இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். டேங்க்ல தொடங்கி ஹோஸை விரலால தடவிக்கிட்டே வா. சேஸிஸ்ல உரசுற இடம், வளையுற இடம், கிளிப் கவ்வுற இடம், இந்த மூணையும் மடக்கிப் பாரு. சூட்டுல காஞ்ச ரப்பர் மடக்கும்போது முடி முடியா வெடிப்பு காட்டும். டீசல் ஈரத்துல தூசி ஒட்டிக் கறுப்பா இருக்கிற இணைப்பு எதுவா இருந்தாலும் சந்தேகப்படு. ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலையில பிடிச்சு, கொஞ்ச நேரத்துல அணைஞ்சு, மறுபடி நீளமா செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குதுன்னா, அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிடுச்சுன்னு அர்த்தம். கண்ணால பார்க்கணும்னா ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல, அழுத்தம் குறைஞ்ச அந்தக் குழாய்ல மட்டும், டீசல் தாங்குற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற டியூப் ஒரு துண்டைத் தற்காலிகமா மாட்டச் சொல்லு. நல்ல வண்டியில டீசல் தெளிவா ஓடும். காத்து இருந்தா குமிழ் குமிழா ஓடுறது தெரியும். நீ பார், மெக்கானிக்கும் பார்க்கட்டும், வாக்குவாதமே இருக்காது.

அடுத்தது தண்ணி. ஃபில்டர் அடியில ஒரு சின்னத் திருகு இருக்கும், தண்ணி வடிக்கத்தான் அது. வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சுத்தமான கண்ணாடி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அதைத் திருப்பு. ஒரு டம்ளர் அளவு வடிஞ்சதும் மூடிடு. பாட்டிலை அரை மணி நேரம் அசைக்காம வை. டீசலைவிடத் தண்ணி கனம், அதனால அடியில தனியா இறங்கி நிக்கும். நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ஒரு எல்லை தெரியும். அடியில துரு நிறத்துல பொடி கிடந்தா டேங்க் உள்ளேயே துரு பிடிக்குது. கறுப்பா, சளி மாதிரி படிஞ்சிருந்தா தண்ணி ரொம்ப நாளா டேங்க்ல தேங்கிக் கிருமி வளர்ந்திருக்கு, டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆகணும். தண்ணி இருக்குன்னு தெரிஞ்ச பிறகு "இந்த ஒரு லோடு மட்டும்"னு ஓட்டாதே. பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் ஆயில் மாதிரி வழுவழுப்பு கொடுக்குது. தண்ணி போனா துருப்பிடிச்சு இறுகிடும். சில நூறு ரூபாய்ல முடிய வேண்டியது பெரிய செலவாகிறது அந்த ஒரு லோடுலதான்.

டீசல் போட்ட அன்னிக்கே துடிக்க ஆரம்பிச்சா பில்லைப் பத்திரமா வை, பாட்டில்ல வடிச்சதையும் வை. பங்க்குல அன்றைய டென்சிட்டி கேட்கிறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. அளவுல சந்தேகம்னா முத்திரை வெச்ச 5 லிட்டர் அளவையில பிடிச்சுக் காட்டச் சொல்றதுக்கும் உரிமை இருக்கு. டேங்கர் லாரி வந்து இறக்கிக்கிட்டு இருக்கும்போது போடாதே, அடியில கிடக்குற கசடு கலங்கி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில டேங்க்கைப் பாதிக்கு மேல வெச்சுக்கோ, காலி இடத்துல ஈரம் கோர்க்கிறது குறையும். மண்ணெண்ணெய் கலந்தா சிக்கனம்னு யாராவது சொன்னா அந்த ஆள் பக்கமே போகாதே.

ஏர் ஃபில்டரைப் பத்தி நீளமாச் சொல்ல ஒண்ணுமில்லை. கழட்டி வெயிலுக்கு நேரா பிடி, வெளிச்சம் வரலைன்னா மாத்து. செங்கல் சூளைக்கும் மணலுக்கும் ஓடுற வண்டின்னா கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்து. டர்போ இருக்கிற வண்டியில காத்துப் போற பெரிய ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கான்னும் பாரு. ஹோஸ் விலகினா கறுப்புப் புகையும் வரும், புல்லிங்கும் போகும்.

புகையும் ஆயிலும்

கறுப்புப் புகைன்னா டீசல் அதிகம் அல்லது காத்து குறைவு. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஒழுகுற நாசில்னு வரிசையாப் பாரு. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைப் புகையில ரெண்டு விதம். கண் எரிச்சலோட டீசல் வாடை அடிச்சா எரியாத டீசல். இனிப்பு வாடை அடிச்சு, ரேடியேட்டர்ல கூலன்டும் குறைஞ்சுக்கிட்டே போனா ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கொடைக்கானல் பக்கம் விடியக்காலையில வர்ற லேசான ஆவி சட்டுனு கலைஞ்சுடும், அதுக்குப் பயப்படாதே.

கேஸ்கெட் சந்தேகம் வந்தா ஆயில் கேஜைப் பிடுங்கிப் பாரு. பால் விட்ட டீ மாதிரி நிறம் மாறியிருந்தா தண்ணி கலந்திருக்கு, அந்த நிமிஷமே வண்டியை நிறுத்து. ஆயில் அளவு குறையாம ஏறியிருந்து, மோந்து பார்த்தா டீசல் வாடை அடிச்சா அதுவும் ஆபத்துதான். ஆயில் நீர்த்துப் போனா பேரிங் தேயும். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் நல்லா ஆறின பிறகு மட்டும் திற. சூட்டுல திறந்து முகம் வெந்தவங்க நம்ம ஊர் ஆஸ்பத்திரியில அடிக்கடி வர்றாங்க.

எந்த சிலிண்டர் எரியலைன்னு வீட்டுலயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கண்ணுக்குத் தெரியுற வண்டியா இருக்கணும், இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷம் கழிச்சு, ஒவ்வொரு சிலிண்டர்ல இருந்தும் வர்ற குழாய் மேல விரலால ரெண்டு சொட்டுத் தண்ணி தெளி. எரியுற சிலிண்டரோட குழாய்ல தண்ணி உடனே சுருங்கி ஆவியாகும். எரியாததுல சொட்டு அப்படியே நின்னு மெதுவாக் காயும். தண்ணியை ஊத்திடாதே, வார்ப்பிரும்பு வெடிச்சுடும். கொரோனா காலத்துல வாங்கின நெத்தி தெர்மாமீட்டர் இதுக்கு உதவாது, அது உடம்புச் சூட்டை அளக்க மட்டும்தான்.

பழைய பம்ப் வண்டியில மெக்கானிக் ஒவ்வொரு நாசில் பைப் நட்டா லேசாத் தளர்த்திப் பார்ப்பார். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் கோளாறு. அதை அவரே செய்யட்டும், நீ பக்கத்துல நின்னு பாரு. தோஸ்த், பிக்கப், பிஎஸ்-6 வண்டிங்க மாதிரி காமன் ரெயில் இருந்தா அந்த நட்டை யாரும் தளர்த்தவே கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் போகும். ஊசி முனை அளவு பீய்ச்சினாலும் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே இறங்கும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதல்ல இருக்காது. ஆனா கையையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். அப்படி ஆயிட்டா காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்துல டீசல் ஏறிடுச்சுன்னு வாய் விட்டுச் சொல்லணும்.

நாசிலைக் கழட்டித்தான் ஆகணும்னா, டீசல் பம்ப் சர்வீஸ் கடையில டெஸ்டர்ல மாட்டும்போது நீயும் போய் நில்லு. நல்ல நாசில் பனி மூட்டம் மாதிரி சீராத் தெளிக்கும், நிறுத்தினதும் முனை காஞ்சு இருக்கும். ஒரு பக்கமா கோடு மாதிரி அடிச்சாலோ, முனையில சொட்டு தொங்கினாலோ அது கெட்டது. மறுபடி மாட்டும்போது காப்பர் வாஷர் புதுசாப் போடச் சொல்லு.

நாசிலும் நல்லா இருக்குன்னா கம்ப்ரஷன். ஸ்லோவுல ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் தளர்த்தி அப்படியே மேல வை. லேசா ஆவி வர்றது இயல்பு. மூடியே குதிக்கிற அளவுக்குக் குபுகுபுன்னு அடிச்சா ரிங் தேய்ஞ்சிருக்கு. இதுக்கு மேல கேஜ் வெச்சு அளக்கிறது ஒர்க்‌ஷாப் வேலை. சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்னு எண்ணைக் கேட்டு எழுதிக்கோ.

விளக்கு எரியுற வண்டி

2020 ஏப்ரல் 1-ல இருந்து பிஎஸ்-6 கட்டாயம். உன் வண்டி எதுன்னு ஆர்.சி.யில பாரு. இந்த வண்டிகள்ல டேஷ்போர்டுல இன்ஜின் விளக்கு எரிஞ்சா, ஸ்டியரிங் கீழ இருக்கிற 16 பின் சாக்கெட்டுல சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டிப் போன்லயே கோளாறைச் சொல்ற கோடு (code) பார்க்கலாம். பி0301-னு வந்தா முதல் சிலிண்டர் மிஸ்ஸிங். பி0087-னா ரெயில்ல டீசல் அழுத்தம் பத்தலை. பி0087 வந்த உடனே பம்ப் மாத்தணும்னு சொல்லுவாங்க. அடைச்ச டீசல் ஃபில்டருக்கும் அதே கோடுதான் வரும், ஃபில்டரை முதல்ல மாத்து. கோடை எழுதிக்கோ, அழிக்காதே. அழிச்சா அந்த நேரத்துல இன்ஜின் எந்த நிலையில இருந்துச்சுங்கிற பதிவும் சேர்ந்து போயிடும்.

காய்கறி, தானியம் ஏத்துற வண்டிக்கு இன்னொரு எதிரி எலி. மிச்சம் சிந்தினதைத் தின்ன வந்து, சூடான இன்ஜின்ல ராத்திரி தங்கி, சென்சார் ஒயரைக் கடிச்சு வெக்கும். திடீர்னு காலையில துடிச்சு விளக்கும் எரிஞ்சா ஸ்கேனருக்கு முன்னாடி டார்ச் எடு. புழுக்கையும் கடிச்ச ஒயரும் கண்ணுல படும். பேட்டரியையும் பாரு. நின்ன வண்டியில 12.6 வோல்ட்டும், ஓடும்போது 14 கிட்டயும் இருக்கணும். வோல்டேஜ் தாழ்ந்தா கம்ப்யூட்டர் தப்புத் தப்பாக் கோடு காட்டும்.

சிலது நடந்தா எந்தச் சோதனையும் வேண்டாம், இன்ஜினை அணை. ஆயில் விளக்கு எரியுறது, சூட்டு முள் சிவப்புக்குப் போறது, கனமான இரும்புச் சத்தம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானா ரேஸ் ஏறி, சாவியை எடுத்தும் நிக்கலைன்னா டர்போ வழியா ஆயிலையே குடிச்சு ஓடுது. டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுசா மிதிச்சு, கிளட்சை விட்டு அடக்கு. முடியலைன்னா இறங்கி விலகி ஓடு, காத்து வாயில கையை வெக்காதே.

இவ்வளவும் பார்த்துட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா உன் பேச்சே வேற மாதிரி இருக்கும். எப்போ துடிக்குது, புகை என்ன நிறம், பாட்டில்ல என்ன வந்துச்சு, என்ன கோடுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு. குளிர்ல மட்டும் வர்ற கோளாறுன்னா வண்டியை முந்தின ராத்திரியே அங்கே விட்டுட்டு வா, சூடாக் கொண்டுபோனா அவருக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல மெக்கானிக் இந்தத் தாளைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், அவர் வேலையும் சீக்கிரம் முடியும். ஒரு பொருளை மாத்தி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததுன்னு சொல்லிடு, கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கோ. ஃபில்டரையும் ஹோஸையும் பார்க்காம பம்பைக் கழட்டலாம்னு யார் சொன்னாலும் சம்மதிக்காதே தம்பி.